வராதா? கூடாதா?

ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்னர், ஓசூரை அடுத்த சிற்றூர் ஒன்றில் நாம் பங்குப் பணியாற்றிய காலம். ஆலயத்தை ஒட்டிய ஓட்டுக் கொட்டகையில் பெண்களுக்கான தையல் பயிற்சி நிலையம் ஒன்று நடந்துவந்தது. பன்னிரண்டு இயந்திரங்கள்; காலையில் ஒரு பிரிவு, மாலையில் ஒரு பிரிவு. பங்குத் திருவிழா மலரில் அதன் நிழற்படத்தை வெளியிட்டு, ‘மகளிர் முன்னேற்றப் பணி’ என்று கீழே எழுதிவைத்தோம். அதில் நமக்குச் சற்றே பெருமையும் இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

ஒருமுறை மூன்று இயந்திரங்கள் ஒரே வாரத்தில் பழுதாகி நின்றன. பழுது பார்ப்பவர் ஓசூரிலிருந்து வரவேண்டும், வந்தபாடில்லை. பிள்ளைகள் ஆளுக்கொரு துணியை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தனர். அவர்களுள் ஒருத்தி, பத்தொன்பது வயதிருக்கும், எழுந்து நம்மிடம் கேட்டாள்: “சாமி, தைக்கச் சொல்லிக் கொடுத்தீங்க. மிஷினைக் கழட்டி மாட்ட மட்டும் ஏன் சொல்லிக் கொடுக்கல? அது எங்களுக்கு வராதா, இல்ல எங்களுக்குக் கூடாதா?”

“அதெல்லாம் ஆம்பளைங்க பார்க்கிற வேலைம்மா” என்று சொல்லிவிட்டு நாம் நகர்ந்துவிட்டோம். அவள் வினவியது ஒன்று; நாம் விடையிறுத்தது வேறொன்று.

அடுத்த ஆண்டு அதே பெண், தொழிற்பயிற்சி நிலையத்தில் ஃபிட்டர் பிரிவில் சேர விரும்புவதாகவும், அதற்கு நன்னடத்தைச் சான்று வேண்டுமென்றும் கேட்டு வந்தாள். அவளுக்கு முன்பே அவளுடைய தந்தை வந்து, “நீங்க சொன்னாக் கேட்பா சாமி, வேண்டாம்னு சொல்லுங்க” என்று நம்மைக் கேட்டுக்கொண்டிருந்தார். நாம் வேண்டாமென்று சொன்னோம். பொறுமை, குடும்ப மானம், பாதுகாப்பு என்று அரைமணி நேரம் பேசினோம். அவள் தலைகுனிந்து கேட்டுக்கொண்டாள். எட்டு மாதங்கள் கழித்து அவளுடைய திருமணத்தை நாமே நிறைவேற்றி வைத்தோம்.

‘வராது’ என்பது இயலாமையைக் குறிக்கும் சொல். ‘கூடாது’ என்பது தடையைக் குறிக்கும் சொல். முன்னதை இயற்கை விதிக்கிறது. பின்னதை மனிதர் விதிக்கின்றனர். மனிதர் விதித்த தடையை இயற்கையின் தலையில் சுமத்திவிட்டால், அதற்கு யாரும் பொறுப்பேற்க வேண்டியதில்லை. பெண்களின் தொழில் உரிமை பற்றிய வாதங்களில் பெரும்பாலானவை இந்த இரு சொற்களின் குழப்பத்திலேயே சிக்கிக் கிடக்கின்றன என்று இன்று நமக்குத் தோன்றுகிறது.

இம்மண்ணில் நிகழ்ந்த மாற்றம்

கருநாடக எல்லையில் உள்ள நம் பகுதியின் கதையை மூத்தவர்கள் அறிவர். வானம் பார்த்த பூமி. கேழ்வரகும் கொள்ளும் விளைந்த மேட்டு நிலம். 1970களில் சிப்காட் தொழில் வளாகம் அமைந்தது. 1980களில் மொபெட், சரக்குந்து, கைக்கடிகாரம் ஆகியவற்றைச் செய்யும் ஆலைகள் ஓசூரில் வேரூன்றின. 1990களில் மைராடா தொண்டு நிறுவனத்தின் துணையோடு ‘மெடோ’ என்ற நிறுவனம் உருவாயிற்று. அதில் கிராமத்துப் பெண்களே பங்குதாரர்கள்; டைட்டன் கடிகாரங்களுக்கான உலோகப் பட்டைகளை அவர்கள் கோத்தளித்தனர். 2021 செப்டம்பரில், போச்சம்பள்ளியில் அமையும் மின்சார ஸ்கூட்டர் ஆலையைப் பெண்களே நடத்துவர் என்றும், பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் அதில் பணிபுரிவர் என்றும் ஓலா நிறுவனம் அறிவித்தது. இன்று கைப்பேசி உறுப்புகள் செய்யும் ஆலைக்குச் செல்லும் பேருந்துகளில் தருமபுரிப் பெண்ணும் ஜார்க்கண்டுப் பெண்ணும் அருகருகே உறங்கியபடி பயணம் செய்கின்றனர்.

பெண் சிசுவைப் பிறந்தவுடன் கொன்ற அவலத்திற்குப் பெயர்பெற்ற நிலப்பகுதி நம்முடையது. அதைத் தடுக்கவே 1992-இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கப்பட்டது. எந்த வட்டாரத்தில் பெண்குழந்தை சுமை எனக் கருதப்பட்டதோ, அதே வட்டாரத்தில் இன்று மகளின் சம்பளத்தில் வீடு எழும்புகிறது. 2019-20ஆம் ஆண்டின் தொழிற்சாலைக் கணக்கெடுப்பின்படி, இந்திய ஆலைகளில் பணியாற்றும் பெண்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ 43 பேர் தமிழ்நாட்டில் உள்ளனர். இதற்காக இறைவனுக்கு நன்றி கூறக் கடமைப்பட்டுள்ளோம்.

ஆயினும், ஆலைக்குள் நுழைந்த பெண் எந்த இடத்தில் நிற்கிறாள் என்றும் கேட்டாக வேண்டும். நமது பங்கு மக்களுள் ஆலைத் தொழிலாளர் பலர். அவர்களிடம் கேட்டறிந்தவரையில், வரிசையில் நின்று உறுப்புகளைக் கோப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். இயந்திரம் நின்றால் வந்து திறப்பவர், அச்சை மாற்றிப் பொருத்துபவர், டூல் ரூமில் அளவுகோலோடு நிற்பவர் பெரும்பாலும் ஆண்கள். முன்னவர் இயந்திரத்தை இயக்குகிறார். பின்னவர் அதை அறிகிறார். முன்னவரின் இடத்தில் மூன்று மாதத்தில் வேறொருவரை அமர்த்திவிடலாம். பின்னவரை எளிதில் அனுப்பிவிட முடியாது. ஊதியம், பதவி உயர்வு, மரியாதை யாவும் இந்த ஒரு கோட்டின் வழியேதான் பிரிகின்றன.

இது ஆலைக்கு மட்டும் உரியதன்று. ஆலயம் கட்டும்போது நம் கண்ணெதிரே நடப்பதை எண்ணிப் பாருங்கள். கலவை சுமக்கும் சித்தாள் முப்பது ஆண்டுகள் சித்தாளாகவே இருக்கிறாள். சுவர் தூக்குக்குண்டுக்கு நிற்கிறதா இல்லையா என்பதைக் கீழிருந்தே கண்ணால் அளந்து சொல்லிவிடுவாள். ஆனால் அவள் கையில் கரண்டி தரப்படுவதில்லை. கையாளாக வந்த பையனோ நான்கு ஆண்டுகளில் கொத்தனாராகிவிடுகிறான். நம் பேச்சு வழக்கில் கொத்தனாருக்குப் பெண்பாலே இல்லை! கேரளத்தில் ஏற்றுமானூரில் உள்ள அர்ச்சனா பெண்கள் மையம் பெண்களுக்குக் கொத்து வேலையும் தச்சு வேலையும் கற்பித்தது. அவர்கள் கட்டிய சுவர் நிற்கிறது. எனவே ‘வராது’ என்னும் வாதம் அங்கேயே முடிந்துவிடுகிறது.

பாதுகாப்பு என்னும் பெயரில்

1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டத்தில் ஒரு பிரிவு இருந்தது. ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தின் பாகங்களுக்கு எண்ணெயிடவோ, துடைக்கவோ, சரிசெய்யவோ பெண்களையும் இளவயதினரையும் விடலாகாது என்பது அதன் சாரம். நோக்கம் நல்லதே: சேலைத் தலைப்பும் கூந்தலும் பற்சக்கரத்தில் சிக்கிவிடக் கூடாது என்ற கவலை. ஆனால் வளர்ந்த பெண்ணையும் வளராத சிறுவரையும் சட்டம் ஒரே வரியில் நிறுத்தியது. சிறுவன் வளர்ந்ததும் அவ்வரியிலிருந்து வெளியேறினான். பெண் அங்கேயே நின்றாள். தையல் நிலையத்தில் நாம் சொன்ன விடையைத்தான் அச்சட்டமும் அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே சொல்லியிருந்தது.

அதே சட்டம் இரவு 7 மணி முதல் காலை 6 மணி வரை பெண்கள் ஆலையில் பணிபுரிவதையும் தடுத்தது. 2000-ஆம் ஆண்டு டிசம்பரில், வசந்தா என்பார் தொடுத்த வழக்கில், சென்னை உயர் நீதிமன்றம் அத்தடை அரசியலமைப்புக்கு முரணானது என்று கூறி நீக்கியது. அதனுடன் பாதுகாப்புக்கான நிபந்தனைகளையும் விதித்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு, எல்லா வகை வேலைகளிலும் பெண்கள் அமர்த்தப்பட உரிமை உடையவர்கள் என்றும், அவர்கள் இசைந்தால் இரவிலும் பணிபுரியலாம் என்றும் கூறுகிறது. அத்தொகுப்பின் வேறு பல கூறுகளைத் தொழிற்சங்கங்கள் எதிர்க்கின்றன. அந்த விவாதம் தனியானது. ஆனால் ‘கூடாது’ என்ற சொல் சட்டப் புத்தகத்திலிருந்து அகன்றுவிட்டது என்பதை மறுப்பதற்கில்லை. அது நம் மனத்திலிருந்து அகன்றதா என்பதே வினா.

அதை விதித்தவர்கள் முதலாளிகள் மட்டும்தானா? இரண்டு வழக்குகளை நினைவுகூர்வோம். முதலாவது, 1987-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஆட்ரி டி’கோஸ்டாவின் வழக்கு. மும்பைக் கப்பல் நிறுவனம் ஒன்றில் சுருக்கெழுத்தாளராகப் பணியாற்றிய அவர், அதே வேலையைச் செய்த ஆண்களைவிடக் குறைந்த ஊதியம் பெற்றார். நிறுவனத்தின் பொருள்நிலை இடங்கொடாது என்பதைக் காரணமாக ஏற்க நீதிமன்றம் மறுத்துவிட்டது. இங்கே தடை முதலாளியிடமிருந்து வந்தது.

இரண்டாவது, 2014 நவம்பரில் தீர்ப்பான சாரு குரானாவின் வழக்கு. மும்பைத் திரைத்துறையில் ஒப்பனைக் கலைஞராக உறுப்பினர் அட்டை கேட்டவருக்கு, ஒப்பனை ஆண்களுக்கே, சிகை அலங்காரம் மட்டுமே பெண்களுக்கு என்று விதி காட்டப்பட்டது. விதித்தது அரசன்று, முதலாளியுமன்று, தொழிலாளர்களின் சங்கம்! இருதரப்பார்க்கும் பிழைப்பு வேண்டுமே என்பது அவர்கள் கூறிய நியாயம். உச்ச நீதிமன்றம் அவ்விதியை நீக்கியது. ஒடுக்கப்பட்டவரே தமக்குக் கீழே ஒருவரை நிறுத்திக்கொள்ளும் இந்தப் பழக்கம் சாதிய மண்ணில் வாழும் நமக்குப் புதியதன்று.

இன்னொரு நுட்பமான தடையும் உண்டு. அது பாராட்டின் உருவில் வரும். ‘பெண்களுக்கு விரல் மென்மை, இயற்கையாகவே பொறுமை, நுண்ணிய வேலைக்கு அவர்களே ஏற்றவர்கள்’ என்று மேலாளர்கள் புகழ்கின்றனர். கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் இயற்கை கொடுத்ததற்கு யார் ஊதியம் தருவார்? ஆணின் திறமை பயிற்சியால் வந்தது. ஆகவே அதற்கு விலையுண்டு. பெண்ணின் திறமை பிறப்பால் வந்தது. ஆகவே அது இலவசம் என்றாகிவிடுகிறது. பூத்தொடுக்கும்போதும், அரிசியில் கல் பொறுக்கும்போதும், தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டே பாடம் படிக்கும்போதும் அவள் பெற்ற பயிற்சியை நாம் பயிற்சியாகக் கணக்கிடுவதேயில்லை.

மறையின் ஒளியில்

திருச்சபையின் போதனையையும் நேர்மையோடு நோக்குவோம். 1891-இல் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ தொழிலாளர் உரிமைக்காகக் குரல் எழுப்பிய புகழ்பெற்ற சுற்றுமடலிலேயே, சில தொழில்கள் பெண்களுக்குப் பொருந்தா என்றும், அவர்களது இயல்பு இல்லப் பணிக்கு உரியது என்றும் எழுதினார். சுரங்கங்களிலும் நூலாலைகளிலும் பெண்களும் குழந்தைகளும் நசுக்கப்பட்ட காலத்தின் அக்கறை அது. 1981-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் மனித உழைப்பைப் பற்றி எழுதியபோது, அடிப்படையான ஓர் உண்மையை முன்வைத்தார்: உழைப்பின் மதிப்பு செய்யப்படும் பொருளிலிருந்து வருவதில்லை, செய்பவர் மனிதர் என்பதிலிருந்தே வருகிறது. 1995-இல் பெண்களுக்கு எழுதிய மடலில், சம வேலைக்குச் சம ஊதியம், உழைக்கும் தாய்மாருக்குப் பாதுகாப்பு, பணி உயர்வில் நியாயம் ஆகியவற்றை அவர் வெளிப்படையாகக் கோரினார்.

இதிலிருந்து நமது வினாவுக்கு ஒரு விடை பிறக்கிறது. உழைப்பின் வழியாக மனிதர் பொருளைச் செய்வதோடு தம்மையும் வளர்த்துக்கொள்கிறார் என்றால், ஒருவரை ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்ய வைத்து, அதன் காரணத்தை அறியவிடாமல் தடுப்பது, அவருடைய வளர்ச்சியைத் தடுப்பதாகும். அவருக்கு ஊதியம் ஒழுங்காகக் கொடுத்துவிட்டாலும் அந்த அநீதி தீர்ந்துவிடாது. சமத்துவம் என்பது கூலிக் கணக்கோடு முடிவதில்லை; அறிவுக்குள் நுழைவதும் சமத்துவத்தின் பகுதியே.

விவிலியமும் இதற்குச் சான்று பகர்கிறது. விடுதலைப் பயண நூலில் பெட்சலேலின் கைத்திறன் கடவுளுடைய ஆவியின் கொடையாகக் கூறப்படுகிறது. அதே நூல், திருக்கூடாரத்துக்காக நூல் நூற்ற பெண்களின் திறனையும் போற்றுகிறது. நெகேமியா நூலில் எருசலேமின் மதிலைப் பழுதுபார்த்தவர்களின் நீண்ட பட்டியலில், சல்லூமோடு அவருடைய புதல்வியரும் இடம்பெறுகின்றனர். வாசகத்தில் கண்ணை ஓடவிட்டுக் கடந்துவிடும் வரி அது. ஆனால் மதில் கட்டிய பெண்கள் அங்கே இருக்கின்றனர்! திருத்தூதர் பணிகள் நூல், பிரிஸ்கில்லாவும் அக்கிலாவும் பவுலைப் போலவே கூடாரம் செய்யும் தொழிலினர் என்று குறிப்பிடுகிறது. கணவரும் மனைவியும் ஒரே தொழிலைச் செய்த அந்த இல்லத்தில் திருச்சபையும் கூடியது.

தாலந்து உவமையைப் பற்றிப் பலமுறை மறையுரை ஆற்றியிருக்கிறோம். அங்கே தாலந்தை மண்ணில் புதைத்தவன் பெற்றுக்கொண்ட பணியாளன். ஆகவே அவனே கணக்குக் கொடுத்தான். ஒருவர் பெற்ற தாலந்தை மற்றொருவர் பிடுங்கிப் புதைத்துவிட்டால், அந்நாளில் கணக்குக் கொடுப்பவர் யார்? அந்தப் பத்தொன்பது வயதுப் பெண்ணை நினைக்கும்போதெல்லாம் இந்தக் கேள்வி நம்மை நோக்கியே திரும்புகிறது.

மறுப்புகளைக் கேட்போம்

பெற்றோரின் தயக்கங்களை நாம் ஏளனம் செய்யவில்லை. அவை அன்பிலிருந்து பிறக்கின்றன. எனினும் அவற்றை நிறுத்துப் பார்க்கலாம்.

‘திருமணமானதும் போய்விடுவாள், பயிற்சி வீண்’ என்பர். நம் ஊர் இளைஞர் பலர் ஓசூரில் தொழில் கற்று, ஓராண்டில் ஜூஜூவாடியைக் கடந்து அத்திப்பள்ளிக்கு அப்பால் கூடுதல் சம்பளத்துக்குப் போய்விடுகின்றனர். அதனால் ஆண்களுக்குப் பயிற்சி வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லை. 2024 ஜூனில், மணமான பெண்களை வேலைக்கு எடுப்பதைத் திருப்பெரும்புதூர் ஆலையொன்று தவிர்க்கிறது என்ற செய்தி வெளியாகி, நடுவண் அரசு விளக்கம் கேட்டது. திருமணத்தை அருட்சாதனம் என்று போற்றும் நாம், அதுவே ஒரு பெண்ணின் தகுதிக்குறைவாக எண்ணப்படுவதைப் பார்த்துக்கொண்டு வாளாவிருக்கலாமா?

‘கனமான வேலை, உடல் தாங்காது’ என்பர். தலையில் கலவைச் சட்டி சுமப்பது இலேசான வேலையா? கனத்தைத் தூக்கக் கிரேன் வந்துவிட்டது. அது இல்லாத இடத்தில் ஆணின் முதுகும்தான் ஒடிகிறது. பெண்ணால் தாங்க முடியாத பணிச்சூழல் பெரும்பாலும் ஆணுக்கும் தீங்கானதே.

‘இல்லம் என்னாவது?’ என்பது மிகக் கடினமான வினா. இரட்டைச் சுமை உண்மையானது. இரவுப் பணி முடித்து வந்தவள் அப்படியே அடுப்படிக்குள் நுழைவதை வீடு சந்திக்கும்போது காண்கிறோம். ஆனால் இதற்கான மறையுரையைப் பெண்களுக்கு மட்டுமே ஆற்றிவந்தோம். கணவர்களை நோக்கி எத்தனை முறை பேசினோம்? நாசரேத்தூர்க் குடும்பத்தைப் புகழும் ஆண்கள், சூசையப்பரின் உளியை மட்டுமன்றி, நள்ளிரவில் தாயையும் சேயையும் சுமந்து எகிப்துக்குப் போன அவருடைய பொறுப்பையும் கற்றுக்கொள்ள வேண்டும்.

குரல் எழுப்புவது பாவமா?

‘உரிமை கேட்பது பெண்ணுக்கு அழகா?’ என்று சிலர் முணுமுணுப்பதுண்டு. எண்ணிக்கை நூலில் செலோபுகாதின் புதல்வியர் ஐவர், தந்தையின் சொத்தில் பங்கு கேட்டு, மோசேக்கும் குருவுக்கும் மக்கள் அனைவருக்கும் முன்பாக வந்து நின்றனர். மோசே அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. விடை தமக்குத் தெரியாதென உணர்ந்து ஆண்டவரிடம் கொண்டுசென்றார். அவர்கள் கேட்பது சரியே என்று ஆண்டவர் கூறினார். சட்டமே திருத்தப்பட்டது. அவர்கள் கேளாதிருந்தால்?

பெங்களூரிலிருந்து நம் பகுதி வழியாகச் சென்னைக்குப் போகும் நெடுஞ்சாலையை எண்ணுங்கள். 2016 ஏப்ரலில், வருங்கால வைப்பு நிதியை எடுக்கக் கட்டுப்பாடு விதிக்கப்பட்டபோது, பெங்களூரின் ஆயத்த ஆடை ஆலைப் பெண்கள் ஆயிரக்கணக்கில் ஓசூர்ச் சாலைக்கு வந்தனர். இரண்டே நாளில் நடுவண் அரசு அவ்விதியைக் கைவிட்டது. 2021 டிசம்பரில், விடுதி உணவால் தோழியர் நோயுற்றபோது, திருப்பெரும்புதூர்ப் பக்கம் இளம்பெண்கள் அதே நெடுஞ்சாலையில் இரவு முழுவதும் அமர்ந்தனர். 2025 நவம்பரில், ஓசூர்ப் பகுதியின் நாகமங்கலத்தில் பெண் தொழிலாளர் விடுதியின் குளியலறையில் மறைகாமிரா இருந்தது தெரிந்தபோது, அங்கும் பெண்கள் திரண்டு எழுந்து நீதி கேட்டனர். சாலையின் இரு முனைகளிலும் நடுவிலும் அவர்கள் பேசிவிட்டனர். அவர்கள் கேட்டவை சேமித்த பணம், கெடாத உணவு, குளியலறையில் மானம். இவற்றுக்கே சாலைக்கு வரவேண்டியிருந்தது என்றால், ஸ்பானரைப் பிடிக்கும் உரிமையைக் கேட்க அவர்களுக்கு நேரமேது? அதைக் கேட்க அவர்களுடன் நிற்கவேண்டியவர்கள் நாம்.

இவ்வாண்டு நடந்தது

சில வாரங்களுக்கு முன் ஒரு தாய், மகளை அழைத்துக்கொண்டு நாம் இப்போது பணியாற்றும் பங்கிற்கு வந்தார். பெயரைச் சொன்ன பிறகே அடையாளம் தெரிந்தது. நாம் திருமணம் செய்துவைத்த அதே பெண். மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருக்கிறாள். தொழிற்பயிற்சி நிலையத்தில் ஃபிட்டர் பிரிவில் சேர விரும்புகிறாள். நாம் எதையும் தூண்டவில்லை, தாயும் வற்புறுத்தவில்லையாம். “அவளே கேட்டா சாமி. நான் சரின்னு மட்டும் சொன்னேன்” என்றார்.

மகள் எல்லா விவரங்களும் தெரிந்து வைத்திருந்தாள். 2022-இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டம் அரசுப் பள்ளியில் படித்துத் தொழிற்பயிற்சிக்குச் செல்லும் பெண்களையும் மாதம் 1000 ரூபாய் பெறச் சேர்த்துக்கொண்டதைச் சொன்னாள். அரசுத் தொழிற்பயிற்சி நிலையத்தில் சேரப் பெண்களுக்கு உச்ச வயது வரம்பு இல்லை என்றும் சொன்னாள். “அப்ப எனக்கும் சீட்டு உண்டு சாமி” என்று தாய் சிரித்தார். நம்மால் சிரிக்க முடியவில்லை.

“அன்னைக்கு எங்க அப்பா சொல்லி நீங்க எங்கிட்ட பேசினீங்க. இன்னைக்கு நான் சொல்றேன், இவ அப்பாகிட்ட பேசுங்க” என்றார். குரலில் குற்றச்சாட்டு இல்லை. கடனைத் திருப்பிக் கேட்பவரின் அமைதி இருந்தது. “அன்று நாம் சொன்னது தவறு, அம்மா” என்றோம். அதைச் சொல்ல இருபது ஆண்டுகள் பிடித்திருக்கிறது.

மறுநாள் மாலை அவர்கள் வீட்டுக்குச் சென்றோம். தந்தை நல்ல மனிதர், ஒப்பந்தத் தொழிலாளர். பொதுவான நியாயங்களை விட்டுவிட்டு, நமது தவற்றிலிருந்தே பேச்சைத் தொடங்கினோம். நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். “பட்டறையில இருபது பசங்க நடுவுல இவ ஒருத்தி நிற்கணுமே சாமி” என்றார். அந்த அச்சம் நியாயமானது. உடன் சேர இன்னும் இரு பெண்களைப் பங்கிலிருந்தே தேடித் தருவதாகவும், பயிற்சி நிலையத்திற்கு நாமும் உடன்வருவதாகவும் வாக்களித்தோம். அவர் விண்ணப்பத்தில் கையெழுத்திட்டார். முழுமனத்தோடு இட்டார் என்று சொல்ல மாட்டோம், ஆனாலும் இட்டார்.

இரு பெண்களுள் ஒருத்தி கிடைத்துவிட்டாள். மற்றவளின் வீட்டுக்கு நாளை மறுநாள் செல்லவிருக்கிறோம். இப்போதைய பங்கிலும் ஒரு தையல் நிலையம் உண்டு. மாதம் ஒருமுறை வரும் பழுதுபார்ப்பவரிடம், இனி இயந்திரத்தைப் பிள்ளைகள் முன் வைத்தே கழற்ற வேண்டும், அவர்களையே மாட்டவைக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறோம். முதலில் அவர் தயங்கினார். அவருடைய பிழைப்பு அவருக்கு. அதற்கும் ஒரு கூலி பேசி முடித்தோம்.

இதை வாசிக்கும் பெற்றோரும் பங்குப் பேரவையினரும் தத்தம் இல்லத்திலும் பங்கிலும் ஒரு மகளிடமாவது ‘உனக்கு என்ன கற்க விருப்பம்?’ என்று கேட்டுப் பாருங்கள். விடை தையலாகவோ தட்டச்சாகவோ இருந்தால் நன்று. வெல்டிங்காக இருந்தாலும் நன்று. அவள் சொல்லி முடிக்கும்வரை நகர்ந்துவிடாமல் நில்லுங்கள். நாம் அன்று நகர்ந்துவிட்டோம்.